அரசன் பெயர் ஆண்டுக்கணக்கில், வீரன் உருவம் கல்லில்

போச்சம்பள்ளியிலிருந்து பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று கர்நாடக எல்லையை நோக்கி விரியும் நிலப்பகுதி இன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் மாந்தோப்புகளுக்கும் சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கும் பெயர் பெற்றிருந்தாலும், அதன் மிகப் பழைய செல்வம் கல்தான். வணிகர்கள் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்கும் கல் புவியியலாளர் கணக்கில் கிரானைட் அன்று. பூமியின் ஆழத்திலிருந்து உருகி எழுந்த குழம்பு, பழைய பாறையின் பிளவுகளில் புகுந்து, அங்கேயே குளிர்ந்து இறுகிய டோலரைட் என்னும் கரும்பாறை அது. நிறத்திலும் கடினத்திலும் பளபளப்பிலும் இதற்கு நெருங்கிய உறவான டயோரைட் முதலிய கரும்பாறைகளில்தான், ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன், இன்றைய தென் ஈராக்கில் லகாஷ் என்னும் சுமேரிய நாட்டை ஆண்ட குதேயா தன் உருவத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கச் செய்தான். கி.மு. 22ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சிலைகளின் காலத்தை ஒட்டியே, பர்கூர் அருகிலுள்ள மயிலாடும்பாறையில் மனிதர்கள் இரும்பைப் பயன்படுத்தினர் என்று, கி.மு. 2172 என வந்த கரிமப் பகுப்பாய்வுக் காலத்தை முன்வைத்துத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. கல்லும் இருந்தது, கருவியும் இருந்தது. ஆனால் இந்த மண்ணில் கல்லில் ஏறிய உருவங்களில் மிகப் பெரும்பாலானவை ஆட்சியாளருடையவை அல்ல என்பதே இங்கே கவனிக்கத்தக்க செய்தி.

சுமேரியச் சிலைகளைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த நாட்டில் கல்லே இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல்மண் சமவெளியில் வீடும் கோயிலும் கோட்டைமதிலும் எழுதும் பலகையும் களிமண்ணாலேயே அமைந்தன. அங்கே ஒரு கற்சிலை நிற்கிறது என்றால், அதற்குரிய கல் எங்கிருந்தோ வாணிகத்தாலோ படையெடுப்பாலோ வந்து சேர்ந்தது என்று பொருள்; ஆகவே சிலைக்கு முன்பே கல்லே ஒரு பெருமை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்துக்காக ஹென்றி ஃபிராங்க்ஃபோர்ட் தலைமையில் நடந்த அகழாய்வில், 1930களில், டெல் அஸ்மார் என்னும் மேட்டில் கோயில் தரைக்கு அடியில் புதைக்கப்பட்டிருந்த 12 சிலைகள் வெளிப்பட்டன. பெரும்பாலும் ஜிப்சம் என்னும் மென்கல்லால் ஆன அவை, மார்பின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, சிப்பியும் கருநிறக் கல்லும் பதித்த மிகப் பெரிய விழிகளால் எதிரே நோக்கியபடி நிற்கின்றன. அவை தெய்வங்களும் அல்ல, யாருடைய நினைவுச்சின்னங்களும் அல்ல. கோயிலுக்கு எந்நேரமும் வர இயலாத பக்தருக்குப் பதிலாக, அவர் பெயரால் தெய்வத்தின் முன்னிலையில் ஓயாமல் நின்று வழிபடுவதற்காக வைக்கப்பட்ட உருவங்கள் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. சுமேரிய அரசர்களின் சிலைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. நாட்டின் தலைவனாகவே இருந்தாலும், கல்லில் அவன் கைகளைக் கோத்து நிற்கும் ஒரு வழிபாட்டாளன்.

இவ்வகையின் உச்சம் குதேயாவின் சிலைகள். பஸ்ராவில் பிரெஞ்சுத் துணைத்தூதராக இருந்த எர்னஸ்ட் தெ சார்செக் 1877இல் டெல்லோ என்னும் மேட்டில் தொடங்கிய அகழாய்வில் அவற்றில் பல கிடைத்து, பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. டெல்லோ என்பது லகாஷ் நாட்டின் புனித நகரான கிர்சுவின் இடிபாடு. அங்கே நின்கிர்சு என்னும் தெய்வத்துக்காக ‘எனின்னு’ என்ற கோயிலைக் குதேயா புதுக்கிக் கட்டினான். அவன் தன்னை ‘லுகால்’, அதாவது பேரரசன், என்று அழைத்துக்கொள்ளாமல் ‘என்சி’ என்றே அழைத்துக்கொண்டான். தெய்வத்தின் நிலத்தை அதன் சார்பில் நடத்துபவன் என்ற பொருள் அப்பட்டத்தில் உண்டு. சிலைகளிலும் அதே அடக்கம் தெரிகிறது: கையில் ஆயுதம் இல்லை, காலடியில் பகைவன் இல்லை, ஒரு தோளை மறைத்து இறங்கும் ஆடை, திறந்த வலக்கையின் திரண்ட தசை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்த நீண்ட விரல்கள், இவ்வளவே. ஆனால் அந்த அடக்கம் செதுக்கப்பட்டிருக்கும் கல், அரேபியக் கடலோரத்தில் ‘மகன்’ என்று அவர்கள் அழைத்த, இன்றைய ஓமான் என்று பெரும்பாலோர் கருதும் நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது. பணிவைக் காட்டுவதற்கு இத்தனை செலவு செய்த ஆட்சியாளனை வெறும் பணிவுள்ளவன் என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆய்வாளர்கள் ‘பி’ சிலை என்று குறிக்கும் உருவம் தனித்துச் சொல்லத்தக்கது. 93 சென்டிமீட்டர் உயரமும் அமர்ந்த கோலமும் உடைய அதன் தலை இன்று இல்லை. மடியில் ஒரு பலகை, அதில் மதிலும் வாயில்களும் கொண்ட கோயில் வளாகத்தின் வரைபடம், அருகே எழுதுகோல், அளவுக் கோடுகள் வெட்டிய ஓர் அளவுகோல். உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டட வரைபடங்களில் ஒன்று ஓர் ஆட்சியாளனின் மடியில் இருக்கிறது. உடல் முழுதும் ஓடும் ஆப்பெழுத்துக் கல்வெட்டு, கோயிலுக்கான மரமும் கல்லும் உலோகமும் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தன என்று பட்டியலிடுகிறது. அவற்றுள் சிந்துவெளி என்று பொதுவாக அடையாளம் காணப்படும் மெலுஹாவும் உண்டு. இந்தச் சிலை வெள்ளியாலோ நீலமணிக் கல்லாலோ செம்பாலோ வெண்கலத்தாலோ ஆனதன்று, கரும்பாறையால் ஆனது என்று அக்கல்வெட்டு வலியுறுத்துவது சுவையானது. உருக்கி வேறு ஒன்றாக்க முடியாத பொருளைத் தேர்ந்தெடுத்ததில் ஆட்சியாளனின் முன்யோசனை தெரிகிறது.

இதையும் விட வியப்பானது, சிலைக்கு நாள்தோறும் கோயிலிலிருந்து பீரும் ரொட்டியும் மாவும் படைக்கப்பட வேண்டும் என்று அதே கல்வெட்டு ஏற்பாடு செய்து, அதை நிறுத்துபவனைச் சபிப்பது. கல்லுக்கு உயிர் ஏற்றும் ‘வாய் திறப்பு’ என்னும் சடங்கும் அந்நாட்டில் இருந்தது. நம் சிற்பிகள் இறைவடிவத்துக்குக் கடைசியாகக் கண் திறப்பதைப்போல, உணவை ஏற்கவும் பேசவும் உருவத்தைத் தகுதியாக்கும் செயல் அது. ஆகவே குதேயாவின் சிலை அவன் வாழும்போதே அவனுடைய இன்னொரு உடல். அவன் மறைந்த பின்னும் பங்கு பெற்றுக்கொண்டே இருக்க வேண்டிய உடல்.

இந்தியாவில் ஆட்சியாளர் தம் உருவத்தைக் கல்லில் வைத்த சான்றுகள் உண்டு, ஆனால் மிகச் சில. மகாராஷ்டிரத்தின் நானேகாட் குகையில் சாதவாகன அரசரும் அரசி நாகனிகாவும் பெயர் பொறித்த உருவங்களாக நின்றனர். இன்று பெயர்களும் பாதத் தடயங்களுமே மிஞ்சியுள்ளன. மதுரா அருகே மாட் என்னும் ஊரில் கிடைத்த கனிஷ்கரின் சிலைக்குத் தலை இல்லை. தமிழகத்தில் இவ்வழக்கம் பல்லவரோடு தெளிவாகத் தொடங்குகிறது: மாமல்லபுரம் ஆதிவராகக் குகையில் சிம்மவிஷ்ணு இரு தேவியருடன் அமர்ந்தும், மகேந்திரன் இரு தேவியருடன் நின்றும், தலைக்கு மேல் பெயர் பொறிக்கப்பட்டுக் காட்சி தருகின்றனர், அந்த மகேந்திரன் முதலாமவனா இரண்டாமவனா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சோழர் காலத்தில் கோனேரிராசபுரத்தில் செம்பியன் மாதேவியார் தம் கணவர் கண்டராதித்தரைச் சிவலிங்கத்தை வழிபடும் கோலத்தில் செதுக்குவித்தார். 17ஆம் நூற்றாண்டில் மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரும் அவர் முன்னோரும் தூண்களில் கைகூப்பி நிற்கின்றனர். இவ்வுருவங்களில் பலவும், தொடர்பே இல்லாத இரு நாகரிகங்களில் ஒரே விடை பிறந்ததைப்போல, தெய்வத்தின் எதிரில் நிற்கும் வழிபாட்டாளராகவே ஆட்சியாளரைக் காட்டுகின்றன.

தகடூர் நாடு, அதாவது இன்றைய தருமபுரியும் 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரியும் சேர்ந்த நிலம், வேறு வழியில் சென்றது. இங்கே கல் நடப்பட்டது உயிரோடிருந்து வழிபடுபவனுக்காக அன்று, போரிட்டு மாண்டவனுக்காக. வீரன் விழுந்த இடத்திலோ ஊர் எல்லையிலோ நிறுத்தப்பட்ட இந்நினைவுக்கல்லைத் தமிழில் நடுகல் என்றும், எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் வீரகல்லு என்றும் அழைப்பர். கல்லைத் தேர்ந்து காணுதல், அதைக் கொண்டுவரத் தொடங்குதல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என்று இதன் படிநிலைகளைத் தொல்காப்பியமே வகுத்துக் கூறுவதால், வழக்கத்தின் பழமையையும் ஒழுங்கையும் அறியலாம்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கே நடுகல் எழுந்தது என்பதற்குப் புறநானூற்றின் 232ஆம் பாட்டு சான்று. மயிற்பீலி சூட்டிய அவனது கல்லுக்கு நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றிப் படைப்பதைக் கண்டு, மலைநாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்ற பொருளில் ஔவையார் அங்கே இரங்குகிறார். அதியமான் கற்பனை மனிதன் அல்லன் என்பதை, திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட, அவன் பெயரும் கொடையும் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உறுதிசெய்தது. கல்லுக்கு மதுவைப் படைக்கும் வழக்கம் கிர்சுவிலும் தகடூரிலும் ஒன்றே. ஆனால் குதேயா தன் பங்கைத் தானே கல்வெட்டில் எழுதி உறுதிசெய்துகொண்டான், அதியமானுக்கோ அவன் மறைந்த பிறகு பிறர் ஊற்றினர். படையல் போதாது என்று வருந்தும் உரிமையும் இங்கே புலவருக்குக் கிடைத்தது.

தொடக்ககால நடுகற்களில் உருவமே கிடையாது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட, தமிழ்ப் பிராமி எழுத்துள்ள கற்களில் பெயரும் நிகழ்வும் மட்டும் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஆகோளில், அதாவது கால்நடைகளைக் கவரும் பூசலில், இறந்தவனுக்கு உரியது. ஏறத்தாழ 5, 6ஆம் நூற்றாண்டுகளிலிருந்து தருமபுரி, செங்கம், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வட்டெழுத்துக் கல்வெட்டோடு வீரனின் உருவமும் சேர்கிறது. வட்டெழுத்து என்பது இன்றைய தமிழெழுத்துக்கு முன்பு பரவலாக வழங்கிய, வளைந்த கோடுகளாலான எழுத்துமுறை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களில் செங்கம், தருமபுரிப் பகுதிகளின் கற்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகே இவற்றின் முழு அளவு ஆய்வுலகுக்குத் தெரியவந்தது.

அக்கல்வெட்டுகளின் நடை ஏறத்தாழ மாறாதது. முதலில் ஆளும் வேந்தனின் பெயரும் அவனது ஆட்சியாண்டும் வரும். சகாப்தக் கணக்கு ஊர்ப்புறத்தில் வழங்காத காலத்தில், ஒரு நிகழ்வுக்கு நாள் குறிக்க வேந்தனின் ஆண்டே அளவுகோல். அடுத்து, வீரன் யாருடைய சேவகன் என்பது. பிறகு எந்த ஊர், எந்தப் பூசல், தொறு எனப்படும் மாட்டு மந்தையைக் கவர்ந்தபோதா மீட்டபோதா என்பது. முடிவில், பட்டான் கல், அதாவது இறந்தவனுடைய கல், என்று வாசகம் நிற்கும். பேரரசன் இத்தொடரில் ஒரு நாட்காட்டி, அவ்வளவே. கல்லின் நடுவில் நிற்பது, வில்லை வளைத்தோ குறுவாளை ஓங்கியோ, உடலில் அம்புகள் தைத்த நிலையில், இடக்கால் முன்வைத்து விரையும், பெரும்பாலும் வேறெந்த ஆவணத்திலும் பெயர் இல்லாத ஒரு மனிதன். காலடியில் கெண்டி என்னும் மூக்குக்குவளையும், சில கற்களில் மீட்கப்பட்ட மாடுகளும் காட்டப்படும்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரிலுள்ள கல் இதற்கு மிகச் சிறந்த சான்று. பல்லவ வேந்தன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், வாணர் குடித் தலைவரைச் சார்ந்த ஒருவரின் சேவகனான கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்ததை அது கூறுகிறது. வீரனின் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் இரு கள்வரைக் கடித்துக் காவல் காத்த செய்தி தனியே பொறிக்கப்பட்டுள்ளது. மகேந்திரவர்மன் சாதாரண வேந்தன் அல்லன்; செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்தவன். பொருள்களை ஒவ்வொன்றாக மறுத்துக் கல்லைப் பெருமைப்படுத்தும் அந்தப் பேச்சு, 2,700 ஆண்டுகளுக்கு முந்திய குதேயாவின் கல்வெட்டை அப்படியே ஒத்திருப்பது தற்செயலே என்றாலும் வியக்கவைப்பது. அப்படிப்பட்டவன் பெயர் எடுத்தனூரில் நாள் குறிக்க மட்டும் பயன்பட, எருமைகளைக் காத்தவனும் அவனுடைய நாயும் உருவம் பெற்றார்கள். நாய்க்குப் பெயரும் உருவமும் தந்து, வேந்தனுக்கு ஆண்டெண்ணை மட்டும் தந்த கல்லை, அரசர்களை மையமாக்கிய வரலாற்றுப் பாடநூல்கள் இன்னும் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை.

வீரனின் உருவம் இங்கே ஏன் முதன்மை பெற்றது என்பதற்கு இந்நிலத்தின் பொருளியலே பெரும்பாலும் காரணம். காவிரிப் படுகையைப் போல நெல்லும் கோயிலும் அரசாணையும் செறிந்த நாடு அன்று இது. குன்றும் முள்காடும் மேய்ச்சல் வெளியும் நிறைந்த புன்செய் நாட்டில் மந்தையே சொத்து, மந்தையைக் காப்பவனே காவல். மேலும், பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், பின்னர் குந்தாணியிலிருந்து ஆண்ட ஒய்சள இராமநாதன், விசயநகரத்தார் என்று இந்த எல்லைநிலத்தின் தலைமை மாறிக்கொண்டே இருந்தது. ஆகவே அடுத்தடுத்த ஊர்க் கற்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் மாறி மாறி வருவதிலும், காலப்போக்கில் கன்னட நாட்டு முறைப்படி கல்லின் கீழடுக்கில் போரும் நடுவில் தேவமகளிர் வீரனை மேலே அழைத்துச் செல்வதும் உச்சியில் அவன் சிவனை வழிபடுவதும் காட்டப்படுவதிலும் வியப்பில்லை. புலியோடு பொருது இறந்தவனின் புலிக்குத்திக் கல், தன் தலையைத் தானே அரிந்து கொற்றவைக்குக் கொடுத்தவனின் நவகண்டக் கல், கணவனோடு தீப்பாய்ந்தவளுக்கு எடுத்த கல் ஆகியவையும் இப்பகுதியில் உண்டு. கடைசியாகச் சொன்னதை வீரம் என்று போற்றுவதில் இன்றைய வாசகருக்குத் தயக்கம் எழுவது நியாயமே.

குதேயாவின் சிலைகளுக்குப் படையல் என்றோ நின்றது. அவனுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 2ஆம் நூற்றாண்டில், அதத்-நதின்-அஹ்ஹே என்னும் உள்ளூர்த் தலைவன் அவற்றில் பலவற்றை மண்ணிலிருந்து எடுத்துத் தன் மாளிகை முற்றத்தில் வைத்தான்; அவை பழம்பெருமைப் பொருள்களாக இருந்தனவே தவிர, தெய்வத்தின் முன் நிற்கும் உடல்களாக இல்லை. தகடூர் நாட்டுக் கற்களில் பலவற்றுக்கோ இன்றும் வழிபாடு உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலும் பலியும் பெறும் தெய்வங்களில் பல பழைய நடுகற்களே. வீரனின் பெயர் மறந்துபோனாலும் அவன் காவல் மறக்கப்படவில்லை. கல்வெட்டின் வாசகத்தைப் படிக்கத் தெரியாத மக்கள் அதன் நோக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

ஆனால் வழிபாடு எல்லாக் கற்களுக்கும் காப்பு அன்று. 2003இல் பாக்தாதின் ஈராக் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது, குதேயாவுக்கும் முந்தைய லகாஷ் ஆட்சியாளன் என்மேதேனாவின் தலையில்லாச் சிலை களவு போய், 2006இல் மீட்கப்பட்டது. உலகம் அறிந்த, எண்ணிட்டுப் பதிந்த சிலையாக இருந்ததாலேயே அதைத் தேட முடிந்தது. ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் கிடக்கும் நடுகல்லுக்கு அத்தகைய பதிவு இல்லாவிட்டால், சாலை விரிவிலோ மனைப்பிரிவிலோ கல்குவாரியிலோ அது காணாமற்போனாலும் எவரும் அறிய வாய்ப்பில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் எனாமல் வண்ணமும் எழுத்துகளை மூடுகின்றன. கடப்பாரையால் பெயர்க்கும்போது, மண்ணுக்குள் இருக்கும் கடைசி வரிகள், பெரும்பாலும் வீரனின் பெயரும் ஊரும் உள்ள வரிகள், உடைகின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் தருமபுரியிலுள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திலும் சேர்க்கப்பட்ட நடுகற்களைப் பள்ளி மாணவர் கட்டாயம் பார்க்க வேண்டும். அவற்றைப் பார்த்த கண்ணுக்குத் தம் ஊரில் கிடக்கும் கல்லும் தெரியும்.

உழும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ உருவமோ எழுத்தோ உள்ள கல் தட்டுப்பட்டால், அதை அசைக்காமல், கழுவித் தேய்க்காமல், சுண்ணாம்போ வண்ணமோ பூசாமல், இருந்த இடத்தோடு படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள். ஏற்கெனவே வழிபாட்டில் உள்ள கல்லாயின் பூசையை நிறுத்த வேண்டியதில்லை. எழுத்துள்ள பக்கத்தில் எண்ணெயும் வண்ணமும் படாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.